ஜான் பாஷா சொல்லாத சத்தியம்

கண்ணாத்தாள் வெண்ணெய்க் குண்டாவை இறக்கி வைத்து, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் போன் வந்தது. மதீனா பீவிக்கு இரண்டு கையிலும் வெண்ணெய். சுண்டுவிரலால் திரையைத் தள்ளி, ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, தராசைப் பார்த்தபடியே “சொல்லுங்க” என்றாள்.

“ஜான் பாஷா நெய்க் கடைங்களா? நான் கோயமுத்தூர்லேர்ந்து ஜோதி பேசறனுங்க. ஏனுங்க, உங்களுக்கெல்லாம் மனசாட்சின்னு ஒண்ணு இருக்குதுங்களா?”

மதீனா பீவி தராசை விட்டுவிட்டாள்.

“எம் பொண்ணு பிரசவத்துக்கு வந்திருக்கறா. பச்ச ஒடம்புக்காரிக்கு லேகியம் கிண்டலாம்னு உங்க நெய்ய வாங்குனேன். அடுப்புல ஊத்துனதும் பாமாயில் வாடை. எதோ டப்பா வாடைன்னு நெனச்சுக் கிண்டிக் குடுத்துட்டேன். ரெண்டு நாளா அவளுக்கு வவுத்தால போகுது. செத்துப்போன மனுசன் சத்தியம் பண்ணிருக்காரேன்னு நம்பித்தானுங்க வாங்குனது!”

“அம்மா, டப்பா மேல என்ன பேரு போட்டிருக்குது பாருங்க.”

“மஞ்சக்கொம்பு நெய்யி.”

“அது எங்க கடை இல்லீங்கம்மா.”

“அப்புறம் எப்படிங்க நெட்டுல அந்தக் கடைப் பக்கத்துக்கு அடியில உங்க நம்பரு இருக்குது? அந்தாளு படம் இருக்குது, பேரு இருக்குது, சத்தியம் இருக்குது. பொய்யா இருந்தா கபுருக் குழியில எனக்கு நிம்மதி கெடைக்காம போகட்டும்னு அவரே சொல்லிருக்கறாரு. சரி, அப்படியே ஆகட்டும்!”

பேச்சு அறுந்துவிட்டது. மதீனா பீவி வெண்ணெய்க் கையோடு போனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கண்ணாத்தாள் ஆட்டையாம்பட்டிப் பக்கத்து எருமைக்காரி. இருபத்தைந்து வருஷமாக இந்த வீட்டுக்கு வெண்ணெய் போடுகிறவள். அவள் தாடையில் கை வைத்துக்கொண்டாள். “அடச் சாமீ! என்னுங்க பாயம்மா இது? பாயி எப்பங்க சத்தியம் பண்ணுனாரு? என்ற வெண்ணெயில தண்ணி இருக்குதுன்னு சண்டை போட்டிருக்கறாரு, தூக்கிட்டுப் போன்னு வெரட்டிருக்கறாரு. சத்தியம்னு ஒரு வார்த்தை அவரு வாயில நான் கேட்டதில்லீங்களே!”

மதீனா பீவி தராசுக்குத் திரும்பினாள். அன்று வந்த வெண்ணெயை இரண்டு தரம் நிறுத்தாள். இரண்டு தரமும் வேறு வேறு எடை வந்தது.

கண்ணாத்தாள் சொன்னது உண்மை. ராசிபுரத்தில் மதீனா பீவியின் கணவர் ஜான் பாஷாவின் கடையைத் தெரிந்த எவரும் அதைத்தான் சொல்வார்கள். சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் போகிற பஸ்ஸில் வந்து இறங்கி, நெய் வாங்கிக்கொண்டு அடுத்த பஸ் பிடிக்கிறவர்கள் உண்டு. ஒருமுறை கல்யாணத்துக்குப் பன்னிரண்டு டின் கேட்டு ஒருவர் வந்தார். விலை எல்லாம் பேசி முடித்துவிட்டு, “கலப்படம் இல்லைன்னு ஒரு சத்தியம் மட்டும் பண்ணிருங்க பாய்” என்றார். ஜான் பாஷா கரண்டியை எடுத்து அவர் உள்ளங்கையில் நெய்யை ஊற்றினார். “தேச்சு மோந்து பாருங்க. உங்க மூக்கு சொல்றத நம்புங்க. ஒரு நெய் டின்னுக்குச் சாட்சி சொல்ல ஆண்டவனக் கூப்புடலாமாங்க? அவனுக்கு வேற வேலை இல்லையா?” வந்தவர் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். கதவுக்குப் பின்னால் நின்று மதீனா பீவி எல்லாவற்றையும் கேட்டாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன, உண்மைதானே என்று சாயங்காலம் வரை முணுமுணுத்தாள். “உண்மைக்கு எதுக்குடி சத்தியம்?” என்று சிரித்தார் அவர்.

அவளும் வியாபாரக்காரர் மகள்தான். அத்தா சைக்கிளில் துணி மூட்டை கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனவர். அஞ்சாங்கிளாஸோடு பள்ளிக்கூடம் நின்றது. தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பாள். பத்தொன்பதாம் வயதில் ராசிபுரத்துக்கு வந்தவள், நெய் பதம் பார்க்கிற வேலையை மாமியாரிடம் பிடித்துக்கொண்டாள். அடியில் கசடு பொன்னிறமாகி, நுரை அடங்கி, சலசலப்பு நின்று, முருங்கை இலை போட்டதும் பொரிய வேண்டும். பதம் அவள் கை. பேச்சு அவர் வாய். முப்பது வருஷம் அப்படி ஓடியது.

நான்கு வருஷத்துக்கு முன் சேலத்து ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்து ஜான் பாஷா மவுத்தானார். பேச்சு போய்விட்ட கடைக்கு யாரும் வரவில்லை. கணவனை இழந்தவள் வெளியில் வராமல் இருக்கும் இத்தாக் காலம் முடிந்து அவள் அடுப்புப் பக்கம் வந்தபோது, டின்கள் அடுக்கினது அடுக்கினபடியே இருந்தன. ஒரே மகள் ஷாஹிஸ்தா சேலம் ஃபேர்லேண்ட்ஸில் வாக்கப்பட்டிருந்தாள். நாலும் தெரிந்த பெண். “நெட்டுல கடை போடலாம்மா. ஊரு பூரா வாங்குவாங்க” என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

பெயர் வைத்தார்கள். ஜான் பாஷா கரண்டியோடு நிற்கிற படத்தைப் போட்டார்கள். அவரைப் பற்றி நாலு வரி வேண்டும் என்றாள் ஷாஹிஸ்தா. மதீனா பீவி வெண்ணெயைச் சொன்னாள், விறகைச் சொன்னாள், முருங்கை இலையைச் சொன்னாள்.

“இது எல்லாக் கடையிலும் போட்டிருக்கறதும்மா. அத்தா வாயால சொன்னது எதாச்சும் வேணும். படிச்சா மனசுல நிக்கணும்.”

அப்போதுதான் அது நடந்தது. எந்த நேரத்தில் அப்படி ஒரு வார்த்தை தன் நாக்கில் ஏறியது என்று மதீனா பீவிக்கு இன்றுவரை தெரியாது. விற்காத டின்களைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “ஆஸ்பத்திரியில நீ மருந்து வாங்கப் போயிருந்தப்ப அத்தா ஒண்ணு சொன்னாங்க.” சொல்லச் சொல்ல மகள் லேப்டாப்பில் அடித்துக்கொண்டே போனாள். அடித்து முடித்ததும் லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு அழுதாள்.

‘நான் ஜான் பாஷா. படைத்தவன் மீது ஆணையாகச் சொல்கிறேன். இந்த நெய்யில் வெண்ணெயைத் தவிர வேறு எதுவும் இல்லை. இது பொய்யாக இருந்தால் கபுரில் எனக்கு நிம்மதி கிடைக்காமல் போகட்டும்.’

அழுகிற மகளிடம் அது தன் சொந்தச் சரக்கு என்று எப்படிச் சொல்வது? அப்புறம் சொல்லலாம் என்று இருந்தாள். நெய் விற்க ஆரம்பித்தது. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கேட்டார்கள். படித்ததும் கண் கலங்கிவிட்டது என்று எழுதினார்கள். அப்புறம் சொல்லவே முடியாமல் போயிற்று. தன் நெய்யில் கலப்பில்லை, ஆகவே சத்தியமும் பொய்யில்லை என்று மனதைச் சமாதானப்படுத்தி வைத்திருந்தாள். இப்போது அந்தச் சத்தியம் வேறொருவனுடைய பாமாயில் டப்பாவின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

விஷயம் தெரிந்து அன்று மத்தியானமே ஷாஹிஸ்தா தேடிப் பிடித்துப் போனுக்கு அனுப்பினாள். மஞ்சக்கொம்பு நெய்யின் பக்கம். மேலே பெயரும் மாட்டுப் படமும் மட்டும் வேறு. மற்றதெல்லாம் எழுத்து மாறாமல் அவர்களுடையது. மதீனா பீவிக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமம் என்று, தொட்டால் வாசித்துக் காட்டும்படி மகள் போனில் ஏற்கெனவே வழி செய்து வைத்திருந்தாள். தொட்டாள். ஓர் ஆண்குரல் வாசித்தது. எந்த ஊர்ப் பேச்சும் ஒட்டாத, மூச்சு வாங்காத குரல்.

‘நான் ஜான் பாஷா.’

போனைக் குப்புறக் கவிழ்த்தாள். கவிழ்த்த பிறகும் அது முழுவதையும் சொல்லி முடித்தது.

அதற்குப் பிறகு அந்தக் குரல் அவளை விடவில்லை. தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு செய்யக் குழாயைத் திருப்பினால் தண்ணீர்ச் சத்தத்துக்குள் கேட்டது. தொழுகையில் எத்தனை ரக்அத் ஆயிற்று என்று மறந்து, திரும்பத் திரும்ப முதலிலிருந்து தொழுதாள். அடுப்பின் முன்னால் உட்கார்ந்தால், நெய் சலசலப்பை நிறுத்துகிற அந்த ஒரு நிமிஷ அமைதியில் ‘நிம்மதி கிடைக்காமல் போகட்டும்’ என்றது. ஒரு சட்டி நெய் கருகிப்போனது. இத்தனை வருஷத்தில் அவள் கையில் அது நடந்ததில்லை. ஒருவர் செய்த பாவத்தை இன்னொருவர் தலையில் ஆண்டவன் கட்டமாட்டான் என்று பயான் பேச்சில் கேட்டதை நினைத்துப் பார்த்தாள். ஆனால் அங்கே மண்ணுக்குள் தனியாகக் கிடக்கிற மனுஷனுக்கு இந்தச் சத்தம் கேட்காமலா இருக்கும்? ஊர் ஊராக ஒரு குரல், நான் ஜான் பாஷா, நான் ஜான் பாஷா என்று பொய் சொல்லிக்கொண்டிருக்கிறதே. பயமாக இருந்தும் ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை அதைத் தொட்டுக் கேட்டாள். எடுத்திருப்பார்களோ என்று பார்ப்பதற்குத்தான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

ஷாஹிஸ்தா அந்தக் கடைக்கு மூன்று மெயில் அனுப்பினாள். பதில் இல்லை. பக்கத்தின் கோடியில் நாமக்கல் முகவரி ஒன்று இருந்தது. “நேர்ல போய்க் கேட்டுருவோம்மா” என்றாள். ஒரு புதன்கிழமை இருவரும் பஸ் ஏறினார்கள். போகிற வழியெல்லாம் மதீனா பீவி அந்த ஆளிடம் என்ன பேசுவது என்று சேர்த்து வைத்தாள். திட்டக்கூடாது. சாமி, என்ன வேணும்னாலும் எடுத்துக்க, அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் விட்டுடு என்று கேட்க வேண்டும்.

முகவரியில் லாரி டயர் கடை இருந்தது. ஆளுயரத்துக்கு டயர்கள் அடுக்கியிருந்தார்கள். உள்ளேயிருந்து எண்ணெய் படிந்த பனியனோடு கந்தன் என்கிற கடைக்காரர் வந்தார்.

“இங்க நெய் விக்கறாங்களா?” என்றாள் ஷாஹிஸ்தா.

“நெய்யிங்களா? கிரீஸ் வேணும்னா ஒரு டப்பா தாரனுங்க. சுத்தமான சரக்கு!”

டயர் கழற்றிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். மதீனா பீவியின் முகத்தைப் பார்த்ததும் கந்தன் சிரிப்பை நிறுத்திவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

“கோவிச்சுக்காதீங்கம்மா. இந்த அட்ரஸக் கேட்டு வர்ற ஆறாவது ஆளுங்க நீங்க. எவனோ என்ற கடை அட்ரஸத் தூக்கிப் போட்டு வெச்சிருக்கறான். போன வாரம் கரூர்க்காரரு ஒருத்தரு வந்து, டப்பாவ இதா, இந்த மேசை மேலயே கவுத்திட்டுப் போயிட்டாரு. ஈயி மொய்க்குது, ஒரு டிரைவரும் உள்ள வரமாட்டேங்கறான். நானும் ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்திருக்கறனுங்க.”

“அவங்க யாருன்னே தெரியாதுங்களா?”

“யாரக் கண்டா? வர்றவங்க பூராம் ஜான் பாஷான்னு ஒருத்தரத்தானுங்க வையறாங்க. செத்தும் ஏமாத்தறான் பாரு அந்த ஆளுன்னு. உங்களுக்கு அவரத் தெரியுமுங்களா?”

“எங்க ஊட்டுக்காரருங்க” என்றாள் மதீனா பீவி.

காற்று பிடிக்கிற மிஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கந்தன் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து இரண்டு கையாலும் நீட்டினார். “குடிங்கம்மா” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் ஷாஹிஸ்தா புர்காவைக்கூடக் கழற்றாமல் லேப்டாப்பைத் திறந்தாள். அந்தப் பக்கத்துக்கு இடம் கொடுத்திருக்கிற கம்பெனி ஒன்று உண்டு, அவர்களுக்குப் புகார் எழுதினால் எடுத்துவிடுவார்கள் என்றாள். படிவம் இங்கிலீஷில் இருந்தது. வரி வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே நிரப்பினாள்.

“அசல் எங்க இருக்குதுன்னு கேக்கறாங்க. நம்ம பக்கத்தக் குடுத்துட்டேன். எழுதினது யாருன்னு கேக்கறாங்க. அத்தா சொன்னது, நாம வாரிசுன்னு போடறேன். கடைசியா ஒரு கட்டம்மா. மேலே சொன்னதெல்லாம் உண்மை, பொய்யின்னா சட்டப்படி குத்தம்னு தெரிஞ்சே உறுதி குடுக்கறேன்னு டிக் அடிக்கணும்.”

மதீனா பீவி மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அடிக்காத.”

“ஏம்மா?”

“அத்தா அத சொல்லல.”

ஷாஹிஸ்தாவுக்குப் புரியவில்லை. “எத?”

“சத்தியத்த. ஆஸ்பத்திரியில அவங்க கடைசியாப் பேசுனது தலகாணிய ஒசத்தி வையின்னுதான். மத்தது நான் சொன்னது. டின்னு தேங்கிக் கெடந்துச்சு. நீ கேட்ட. சொல்லிட்டேன்.”

ஷாஹிஸ்தா கையை விடுவித்துக்கொண்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். “ஒவ்வொரு பெருநாளைக்கும் அத எடுத்து வெச்சுப் படிப்பேன்மா. அத்தா பேசற மாதிரி இருக்கும். அது அத்தா இல்லையா?”

“நான்தான்.”

“உன்ன அப்படிப் பேசச் சொன்னது யாரும்மா? அதுவும் கபுரப் பத்தி!” எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். வந்தவள் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. “சரி. இப்பவே நம்ம பக்கத்துலேர்ந்து தூக்கிடறேன்.”

“தூக்கிடு சாமி.”

விரல் பாதியில் நின்றது. “தூக்கினா புகார் நிக்காதும்மா. அவங்க வந்து பாக்கும்போது அசல் நம்மகிட்ட இருக்கணும். இல்லைன்னா நாமதான் அவங்களோடதத் திருடுனோம்னு ஆயிரும்.”

“எத்தனை நாளைக்கு இருக்கணும்?”

“பத்து நாளும் ஆவும். ரெண்டு மாசமும் ஆவும்.”

மதீனா பீவி எழுந்து அடுப்படிக்குப் போனாள். திரும்ப வந்தாள். தான் வைத்த பொய்யைத் தானே காவல் காக்க வேண்டும், அப்போதுதான் இன்னொருவனிடமிருந்து அதைப் பிடுங்கலாம். அந்த இரண்டு மாசமும் அவர் பேரில் அது பேசிக்கொண்டேதான் இருக்கும். அசர் பாங்கு கேட்டது. போய்த் தொழுதுவிட்டு வந்து மகளுக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

“எழுதினது மதீனா பீவின்னு போடு. டிக் அடி. நம்ம பக்கத்துல அது இருக்கட்டும். அதுக்கு அடியில நான் சொல்றத எழுது.”

“வேண்டாம்மா. வாங்கறவங்க போயிருவாங்க.”

“எழுது.”

நான்கு வருஷத்துக்கு முன் சொன்னது போலவே சொல்லச் சொல்ல மகள் அடித்தாள். இந்தத் தரம் இருவருமே அழவில்லை.

‘மேலே இருக்கும் சத்தியத்தை என் கணவர் சொல்லவில்லை. நான் மதீனா பீவி. நான்தான் சொன்னேன். அவர் வியாபாரத்துக்காக ஒருநாளும் சத்தியம் செய்ததில்லை. அவர் பேரில் பொய் சொன்னது என் தப்பு. இதை நம்பி வாங்கியவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். நெய்யை உள்ளங்கையில் தேய்த்து மோந்து பாருங்கள். பிடித்தால் மட்டும் வாங்குங்கள். அவருக்காக துஆ செய்யுங்கள்.’

கோயமுத்தூர் ஜோதியின் எண் போனில் இருந்தது. அதற்கும் கூப்பிட்டு இதையே சொன்னாள். “பொண்ணுக்கு இப்பத் தேவலைங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு ஜோதி வைத்துவிட்டாள். அன்று சொன்ன ‘அப்படியே ஆகட்டும்’ என்பதைத் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. கேட்கவும் மதீனா பீவிக்கு வாய் வரவில்லை.

அந்த வாரம் நெய் கேட்டு வந்தவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். ஒருவர், இருபது டப்பா வாங்கியவர், ‘இதற்குப் பேசாமல் இருந்திருக்கலாம்’ என்று எழுதினார். ஷாஹிஸ்தா நாள் தவறாமல் பேசுகிறவள், இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் கூப்பிட்டாள்.

“அம்மா, அவங்க பக்கத்தப் பாத்தியா?”

“எடுத்துட்டாங்களா?”

“எடுக்கல. நீ அடியில எழுதச் சொன்ன மன்னிப்பும் அங்க வந்திருக்குது. அப்படியே. ஒரு எழுத்து மாறல.”

மதீனா பீவி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். “படிச்சிட்டுத்தான போட்டிருப்பாங்க? மனசு எளகிருச்சோ என்னமோ. நம்மளப் போல அவங்களும் ஆண்டவனுக்குப் பயந்து…”

“இல்லம்மா. படிக்கறதுக்கு அங்க ஆளே இல்ல. கம்ப்யூட்டர் மிஷினு தானாவே வந்து நம்மளோடத எடுத்துட்டுப் போயிப் போட்டுக்குது. நாம என்ன எழுதினாலும் அங்க வரும்.”

“ஆளே இல்லையா?”

“டப்பா அடைக்கறவன் எங்கயோ இருப்பான். அவன் ஒரு வரியும் படிச்சிருக்கமாட்டான்.”

இத்தனை நாளும் ஒரு மனிதனைத்தான் அவள் நினைத்து வைத்திருந்தாள். மனசுக்குள் அவனிடம் கெஞ்சியிருந்தாள், அவனுக்காகக்கூட ஒரு தரம் துஆ கேட்டிருந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து தன் கணவரின் பேரைத் தொடுகிற ஒரு கை. அந்தக் கை இல்லை.

போனை வைத்துவிட்டு அந்தப் பக்கத்தைத் திறந்தாள். மாட்டுப் படம், மஞ்சக்கொம்பு, கரண்டியோடு நிற்கிற அவர். தொட்டாள். சத்தியத்தைச் சொல்லிவிட்டு, மூச்சு விடாமல் அதே ஆண்குரல் தொடர்ந்தது.

‘மேலே இருக்கும் சத்தியத்தை என் கணவர் சொல்லவில்லை. நான் மதீனா பீவி.’

கவிழ்த்து வைக்கப் போன கை அப்படியே நின்றது. ஆளில்லாத கடையிலிருந்து, அவர் படத்துக்குக் கீழே, அது அவளாகப் பேசியது.

‘நான்தான் சொன்னேன்.’

“ஆமா” என்றாள் மதீனா பீவி, அடுப்படியில் தனியாக நின்றபடி. “நான்தான்.”